லண்டனில் ஒரு படுக்கை
குறைந்த வாடகையில் நல்ல அறை கிடைக்குமா?

இரவு மணி 9. ஆனால் சூரியன் இன்னும் மறையவில்லை. ஜூலை மாதத்தில் லண்டன் அப்படித்தான். நம் ஊர் மாலை 5 மணி போல வெளிச்சம்.

அந்த வெளிச்சத்தில், ஒரு சின்ன ஓட்டலின் மாடிப்படியில் என் தாயார் உட்கார்ந்து இருந்தார். அவருக்கு வயது 72. இரண்டு முழங்காலிலும் வலி. பக்கத்தில் 4 பெட்டிகள். மேலே ஏற வேண்டிய படிகள் 62. லிப்ட் கிடையாது.

"பாட்டி ஏன் படியிலேயே உட்கார்ந்துட்டாங்க?" என்று என் மகள் கேட்டாள்.

யாரும் பதில் சொல்லவில்லை.

எதற்காக வந்தோம்?

என் அக்காள் மகன் லண்டனில் மேற்படிப்பு படித்தான். பட்டமளிப்பு விழா ஜூலையில் நடந்தது. அக்காளால் வர முடியவில்லை. "அம்மாவை அழைத்துக்கொண்டு போ. அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவள் பார்த்தால் நான் பார்த்த மாதிரி" என்றாள்.

நான், என் மனைவி, 9 வயது மகள், தாயார். ஆக 4 பேர். 9 இரவு தங்க வேண்டும். அக்காள் மகனோ இன்னும் 4 பேருடன் சேர்ந்து ஒரு வீட்டில் குடியிருக்கிறான். அவனுக்கு உள்ளது ஒரு கட்டில் போடும் அளவு இடம். அங்கே தங்க வழி இல்லை.

எனவே, சென்னையில் இருந்தபடியே செல்போனில் அறை தேடினேன். ஓட்டல்களின் வாடகையைப் பார்த்ததும் தலை சுற்றியது. கடைசியில் ஒரு ஓட்டல் அகப்பட்டது. நடு லண்டன். ரெயில் நிலையத்துக்கு அருகில். 4 பேர் தங்கும் அறை. படத்தில் வெள்ளை விரிப்பு, பூச்சாடி, ஜன்னல். மற்ற இடங்களைவிட வாடகை மிகவும் குறைவு. "முன்பணம் முழுவதும் கட்டினால் மேலும் தள்ளுபடி. ஆனால் பணம் திரும்பக் கிடைக்காது" என்று போட்டு இருந்தது. கட்டிவிட்டேன்.

எவ்வளவு சாமர்த்தியம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்!

62 படிகள்

"லிப்ட் எங்கே?" என்று ஓட்டல் ஊழியரிடம் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. என் செல்போனையே வாங்கி, விளம்பரத்தின் அடிப்பகுதியைக் காட்டினார். பொடி எழுத்தில் இருந்தது: "இது பழைய கட்டிடம். லிப்ட் இல்லை. அறைகள் மேல்மாடியில் உள்ளன. குளியல் அறை பொது."

நான் படத்தைப் பார்த்தேன். எழுத்தைப் படிக்கவில்லை. குற்றம் என்னுடையது.

இதில் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பேடிங்டன், கிங்ஸ் கிராஸ், விக்டோரியா, ஏர்ல்ஸ் கோர்ட் பகுதிகளில் வரிசை வரிசையாகச் சின்ன ஓட்டல்கள் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை ஓட்டலுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. 19-ம் நூற்றாண்டில் வசதியான குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள். ஒட்டி ஒட்டி நிற்கும். அகலம் குறைவு, உயரம் அதிகம். 4 மாடி, 5 மாடி. உள்ளே குறுகலான மரப்படி. தெரு மட்டத்துக்குக் கீழேயும் ஒரு தளம் இருக்கும். அந்தக் காலத்தில் அது சமையல்காரர்களும் வேலைக்காரர்களும் புழங்கிய இடம். இப்போது அதுவும் வாடகை அறை!

இப்படிப்பட்ட வீடுகள் பலவற்றைப் பழம்பெரும் கட்டிடங்களாக அரசாங்கம் பாதுகாக்கிறது. நினைத்தபடி இடித்து லிப்ட் வைக்க முடியாது.

ஊழியர் இரக்கப்பட்டு, கீழ்த்தளத்தில் ஓர் அறையைத் திறந்துவிட்டார். ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு சுவர் இருந்தது. ஈர வாடை. தாயார் ஒன்றும் சொல்லவில்லை. "படுக்க இடம் கிடைச்சுதே, போதும்" என்றார். ஆனால் இரவெல்லாம் இருமினார். பட்டமளிப்பு விழாவுக்கு இன்னும் 5 நாள். அன்று அவரால் எழுந்து நடக்க முடியுமா என்ற பயம் எனக்கு வந்துவிட்டது.

காந்தி கண்ட லிப்ட்

தூக்கம் வராத அந்த இரவில் காந்தி அடிகளின் நினைவு வந்தது.

1888-ம் ஆண்டு. பாரிஸ்டர் படிப்புக்காக காந்தி லண்டனுக்கு வந்தார். அப்போது அவர் இளம் வாலிபர். முதலில் தங்கியது விக்டோரியா ஓட்டல். பெரிய ஓட்டல். மின்சார விளக்குகளைப் பார்த்து வியந்தார். ஒரு சின்ன அறைக்குள் அவரை அழைத்துப் போனார்கள். சிறிது நேரம் இங்கே உட்கார வைப்பார்கள்போல என்று நினைத்தார். கதவு திறந்தது. பார்த்தால் மேல்மாடி! அது அறை அல்ல, லிப்ட்!

எனக்கோ லிப்ட் இல்லை. அவருக்கோ லிப்ட் இருந்தது, பில்லும் வந்தது. 3 பவுண்டு. அந்தத் தொகையைக் கேட்டுத் திடுக்கிட்டதாக சுயசரிதையில் எழுதி இருக்கிறார். உடனே வாடகை அறைக்கு மாறினார்.

பிறகு ஒரு குடும்பத்தாரின் வீட்டில் பணம் கொடுத்துத் தங்கினார். அப்புறம் இரண்டு அறை எடுத்தார். அதுவும் அதிகம் என்று ஒரே அறைக்கு வந்தார். ஓர் அடுப்பு வாங்கினார். காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும் தானே தயாரித்தார். இரவில் ரொட்டியும் கோகோவும். மதியம் மட்டும் வெளியே சாப்பாடு. சாப்பாட்டுச் செலவு நாளைக்கு 1 ஷில்லிங் 3 பென்னியில் முடிந்துவிட்டது. வண்டிச் சத்தத்தை மிச்சம் பிடிக்க, போகும் இடத்துக்கு நடந்தே போகும் தூரத்தில் அறை எடுத்தார். தினமும் 8 மைல், 10 மைல் நடந்தார்.

வெளிநாட்டில் சிக்கனமாகத் தங்குவதற்கு இன்றைக்கும் வேறு வழி கிடையாது. சின்ன அறை, காலைச் சாப்பாடு நம் கையில், மற்ற இடங்களுக்கு நடை. காந்தி செய்தது அவ்வளவுதான்.

கதவைச் சாத்தியவர்கள்

பணம் கையில் இருந்தும் அறை கிடைக்காத காலமும் ஒன்று உண்டு.

இந்தியர் என்றால் பல வீட்டுக்காரர்கள் இடம் தர மாட்டார்கள். இந்திய மாணவர்கள் தெருத்தெருவாக அலைந்தார்கள். இதைக் கண்டு சியாம்ஜி கிருஷ்ண வர்மா, 1905-ல், வடக்கு லண்டனில் ஹைகேட் என்ற இடத்தில் "இந்தியா ஹவுஸ்" என்ற விடுதியைத் திறந்தார். திருச்சி வரகனேரியைச் சேர்ந்த வ.வே.சு. அய்யர் 1907-ல் லண்டன் வந்தபோது தங்கியது அங்கேதான். ஸ்ரீரங்கம் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜனும் அங்கே இருந்தார். பின்னாளில் சென்னை ராஜ்யத்தில் மந்திரியாக இருந்தாரே, அவரேதான்.

படுக்க இடம் தேடி வந்தவர்களுக்கு அங்கே சுதந்திர வேட்கையும் கிடைத்தது. போலீசார் கண்காணித்தார்கள். 1910-ல் அய்யர் தப்பிச்சென்று, மாறுவேடத்தில் புதுச்சேரி வந்து சேர்ந்தார். விடுதியும் மூடப்பட்டது. அந்த வீடு மட்டும் இன்றும் குராம்வெல் அவென்யூவில் நிற்கிறது. அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் ஹைகேட் முருகன் கோவில். நாங்கள் போய்க் கும்பிட்டுவிட்டு, அந்த வீட்டின் எதிரே சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தோம்.

மற்றொரு விடுதி இன்னும் நடக்கிறது. அதை அமைத்தவர் நம் சேலத்துக்காரர்!

அவர் பெயர் கே.டி. பால். 1876-ல் சேலத்தில் பிறந்தவர். ஒய்.எம்.சி.ஏ.யின் அகில இந்தியப் பொதுச்செயலாளராக வந்த முதல் இந்தியர். 1930-ல் வட்டமேஜை மாநாட்டுக்கும் போனவர். அவருடைய முயற்சியால் 1920-ல் லண்டனில் இந்திய மாணவர் விடுதி தொடங்கியது. பிறகு கவர் தெருவுக்கு மாறியது. இரண்டாம் உலகப்போரில் அந்தக் கட்டிடத்தின் மீது குண்டு விழுந்தது. போர் முடிந்த பிறகு பிட்ஸ்ராய் சதுக்கத்தில் புதிய கட்டிடம் எழும்பியது. அதுதான் இன்றைய இந்தியன் ஒய்.எம்.சி.ஏ. மாணவர்கள் மட்டும் அல்ல, பிரயாணிகளும் அங்கே தங்குகிறார்கள். இந்தியச் சாப்பாடு உண்டு. இடம் நடு லண்டன். ஆனால் ஒன்று: இந்த விஷயம் நம்மவர் எல்லோருக்கும் தெரியும். பல வாரங்களுக்கு முன்பே எழுதிக் கேட்காவிட்டால் இடம் அகப்படாது. நான் கேட்டபோது நிரம்பிவிட்டது.

தோலின் நிறத்தைப் பார்த்து அறை மறுக்கக்கூடாது என்று இங்கிலாந்தில் சட்டம் வந்தது 1968-ல்தான். அதுவரை, "கறுப்பருக்கு இடம் இல்லை" என்று ஜன்னலில் அட்டை தொங்கவிட்ட வீடுகள் இருந்தன. அதை நினைத்தால், நம்முடைய 62 படி ஒரு கஷ்டமா?

கஷ்டம்தான். ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மாணவர் விடுதியில் இடம்

மறுநாள் அக்காள் மகன் வந்தான். பாட்டியின் இருமலைக் கேட்டான். முகம் வாடிவிட்டது.

"என்ன மாமா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? இங்கே காலேஜ் ஹாஸ்டல் எல்லாம் கோடையிலே காலியாத்தானே கிடக்கும். வெளியாளுக்கு வாடகைக்கு விடுவாங்களே!"

இதுதான் எனக்குத் தெரியாமல் போன ரகசியம். லண்டனில் மாணவர்கள் ஜூன் மாத மத்தியில் ஊருக்குப் போய்விடுவார்கள். செப்டம்பரில் திரும்புவார்கள். இடையில் உள்ள நாட்களில் பல கல்லூரிகள் தங்கள் விடுதி அறைகளைப் பிரயாணிகளுக்கு விடுகின்றன. எல்.எஸ்.இ. என்ற பெயர்பெற்ற பொருளாதாரக் கல்லூரியும் இப்படி விடுகிறது. ஈஸ்டர் விடுமுறையிலும் சில இடங்களில் கிடைக்கும்.

அறை சின்னது. கட்டில், மேஜை, அலமாரி, அவ்வளவுதான். ஆடம்பரம் இல்லை. ஆனால் சுத்தம். வாசலில் இரவும் பகலும் ஆள் இருக்கிறார். தேம்ஸ் நதியின் தென்கரையில் ஒரு விடுதியில் எங்களுக்கு இரண்டு இரட்டை அறைகள் கிடைத்தன. அக்காள் மகன் முதலில் கேட்ட கேள்வி: "லிப்ட் இருக்கிறதா?" இருந்தது.

மூன்றாம் நாள் காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விட்டோம். பழைய ஓட்டலில் 7 இரவுக்குக் கட்டிய பணம் போனது போனதுதான். என் மனைவி அதை இன்றுவரை சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டி இருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

புயலில் பிறந்த விடுதி

குடும்பத்துக்கு ஏற்ற மற்றொரு இடம், இளைஞர் விடுதி. பெயரைப் பார்த்து, "நமக்கு எதற்கு?" என்று தள்ளிவிடக்கூடாது. இங்கிலாந்தில் உள்ள இளைஞர் விடுதிச் சங்கத்தின் விடுதிகளில் வயதானவர்களும் தங்கலாம். குடும்பத்துக்குத் தனி அறை உண்டு.

இந்த விடுதிகள் பிறந்த கதை சுவையானது. ஜெர்மனியில் ரிச்சர்டு ஷிர்மான் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார். 1909-ல் மாணவர்களை அழைத்துக்கொண்டு கால்நடையாகச் சுற்றுலா போனார். வழியில் இடி, மழை. ஒதுங்க இடம் இல்லை. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டார்கள். வைக்கோலைப் பரப்பிப் பிள்ளைகள் படுத்தார்கள். ஒரு விவசாயி பால் கொடுத்தார். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். வாத்தியார் தூங்கவில்லை. விடுமுறையில் சும்மா கிடக்கும் பள்ளிக்கூடங்களை எல்லாம் இப்படித் தங்கும் இடங்களாக ஆக்கினால் என்ன என்று யோசித்தார். அந்த யோசனைதான் உலகம் எங்கும் பரவியது. இங்கிலாந்தில் 1930-ல் சங்கம் ஏற்பட்டது.

லண்டனில் இந்தச் சங்கத்துக்குச் சில விடுதிகள் இருக்கின்றன. தனியார் நடத்தும் விடுதிகள் வேறு. தனியார் விடுதிகள் சிலவற்றில் குழந்தைகளைச் சேர்ப்பது இல்லை. ஒரே அறையில் 6 பேர், 8 பேர் படுப்பார்கள். ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டில். ஆணும் பெண்ணும் கலந்த அறை உண்டு, பெண்களுக்கு மட்டும் உள்ள அறையும் உண்டு. கேட்டு வாங்க வேண்டும். பெட்டி வைக்கும் அலமாரிக்குப் பூட்டு நாம் கொண்டுபோவது நல்லது. பல விடுதிகளில் பொதுச் சமையல் அறை இருக்கிறது. அரிசியும் பருப்பும் இருந்தால் சாப்பாட்டுச் செலவு பாதியாகக் குறையும்.

தூரத்து மலிவு

"ஊருக்கு வெளியே போனால் வாடகை குறையுமே?" என்று கேட்கலாம். குறையும். ஆனால் வாடகையை மட்டும் பார்க்கக்கூடாது.

லண்டனை வட்டம் வட்டமாகப் பிரித்து இருக்கிறார்கள். நடுவில் இருப்பது 1-ம் வட்டம். வெளியே போகப் போக எண் கூடும், ரெயில் கட்டணமும் கூடும். வாடகையில் நாளைக்கு 20 பவுண்டு மிச்சம் என்று தூரத்தில் அறை எடுத்தால், 3 பெரியவர்கள் போய்வர அந்த 20 பவுண்டில் பெரும்பகுதி கரைந்துவிடும். நேரமும் போய்விடும். ஒருவரே தங்குவதானால் தூரம் லாபம். குடும்பமாகப் போனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு நல்ல செய்தி: 11 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பெரியவர்களுடன் போனால் சுரங்க ரெயிலில் கட்டணம் இல்லை. பஸ்சிலும் இல்லை. பஸ்சில் ரொக்கப் பணம் வாங்க மாட்டார்கள். வங்கி அட்டையைக் காட்டினால் போதும். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். முதல் பஸ்சில் ஏறி ஒரு மணி நேரத்துக்குள் வேறு பஸ்சில் ஏறினால் மறுபடி கட்டணம் பிடிப்பது இல்லை. தாயாருக்குச் சுரங்க ரெயிலின் படிக்கட்டுகள் ஒத்துவரவில்லை. எனவே பஸ்சிலேயே சுற்றினோம். மாடி பஸ்சின் கீழ்த்தட்டில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அவர் லண்டனைப் பார்த்தார்.

தூரத்தில்தான் தங்குவது என்று முடிவு செய்தால், நம்மவர்களுக்கு ஈஸ்ட் ஹாம் வசதி. கிழக்கு லண்டன். கடைப் பலகைகளில் தமிழ் எழுத்து. இட்லி, தோசை, முருங்கைக்காய், தேங்காய் எல்லாம் கிடைக்கும். பக்கத்திலேயே மேனர் பார்க்கில் முருகன் கோவில். ஈழத்தமிழ்க் குடும்பங்கள் நிறைய. சிலர் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடுகிறார்கள். தெரிந்தவர் மூலம் போனால் நிம்மதி.

தெரியாதவர் விளம்பரம் என்றால் உஷார். "முழு வீடு, மலிவு வாடகை. பணத்தை நேராக என் வங்கிக் கணக்கில் போடுங்கள், சாவி அனுப்புகிறேன்" என்று யாராவது சொன்னால் போடவே கூடாது. சாவியும் வராது, பணமும் வராது. படத்தில் உள்ள வீடு வேறு யாருடையதாகவோ இருக்கும். முன்பதிவு செய்த நிறுவனத்தின் வழியாகவே பணம் கட்ட வேண்டும்.

விசா வரும்வரை, பணம் திரும்பக் கிடைக்கும் அறையையே பதிவு செய்ய வேண்டும். வாடகை சிறிது கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. என்னைப்போல் தள்ளுபடிக்கு ஆசைப்பட வேண்டாம்.

குளிக்கும் சங்கதி

சின்ன விஷயங்கள் சில. இவற்றை யாரும் சொல்வது இல்லை.

குளியல் அறையில் வாளி, குவளை இருக்காது. தரையில் தண்ணீர் போகத் துவாரமும் இருக்காது! தொட்டிக்குள் நின்றுதான் குளிக்க வேண்டும். நம் ஊர்ப் பழக்கத்தில் வெளியே நின்று ஊற்றினால் கீழ்மாடிக்காரர் ஓடிவருவார். முதல் ஓட்டலில் என் மகள் ஊற்றினாள். நல்லவேளையாக அது கீழ்த்தளம்.

பிற்பகல் 2 மணி, 3 மணிக்கு முன்னால் அறை தர மாட்டார்கள். காலையிலேயே போய்விட்டால் பெட்டியை வைத்துக்கொள்வார்கள். நாம் ஊர் சுற்றலாம். நம் மின்சாரப் பிளக் அங்கே சேராது. 3 பட்டை முள் உள்ள இணைப்பு வாங்கிப் போக வேண்டும். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். ஓட்டல் அறைகளில் வெந்நீர்க் கெண்டி இருக்கும். வெந்நீருக்கு மட்டும்தான். அதில் முட்டை வேகவைப்பவர்களால்தான் நம் எல்லோருக்கும் கெட்ட பெயர்.

"படுக்கையும் காலை உணவும்" என்று விளம்பரம் செய்யும் இடங்களில், சைவம் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ரொட்டி, வெண்ணெய், பீன்ஸ், தக்காளி, காளான் கொடுப்பார்கள். சொல்லாவிட்டால் பன்றி இறைச்சி வந்துவிடும். தாயார் அந்தப் பீன்சை முதல் நாள் முகர்ந்து பார்த்தார். இரண்டாம் நாள், "கொஞ்சம் மிளகாய்ப்பொடி இருந்தா நல்லா இருக்கும்" என்றார். என் மனைவி கைப்பையில் இருந்து எடுத்துக்கொடுத்தாள்.

விழா நாள்

புதிய இடத்துக்கு வந்த மூன்றாம் நாள் இருமல் நின்றது. வெயில் படும் அறை. ஜன்னலைத் திறந்தால் நதிக்காற்று. மாலையில் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு பாலம்வரை நடந்தார். எதிர்க்கரையில் செயின்ட் பால் தேவாலயத்தின் பெரிய கோபுரம். "இது எந்த சாமி கோவில்?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அங்கிருந்தே கும்பிட்டார்.

பட்டமளிப்பு விழா அன்று காலை 6 மணிக்கே எழுந்துவிட்டார். பட்டுப்புடவை கட்டிக்கொண்டார். லிப்டில் இறங்கும்போது, "அன்னிக்கு அந்தப் படியிலே ஏறியிருந்தா இன்னிக்கு எங்கே வந்திருப்பேன்?" என்றார். அந்த ஓட்டலைப் பற்றி அவர் வாய் திறந்தது அந்த ஒரு முறைதான்.

மேடையில் பேரன் பெயரைச் சொன்னார்கள். உச்சரிப்பு தப்பு. தாயாருக்குப் புரியவில்லை. "அவன்தான் பாட்டி, அவன்தான்!" என்று என் மகள் இடித்தாள். அதற்குள் அவன் பட்டத்தை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டான். வெளியே வந்ததும் தன் கறுப்புத் தொப்பியைக் கழற்றிப் பாட்டியின் தலையில் வைத்தான். அந்தப் படத்தை அக்காளுக்கு அனுப்பினோம். சென்னையில் அப்போது இரவு. அக்காள் தூங்காமல் காத்திருந்தாள்.